அவுட்பாஸ் இல்லாம எதுவும் வெளிய போகாது

...இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், இந்த வைரஸுக்கு வேற வீடே கெடைக்கலியா? இந்தக் கட்டடத்துல மட்டும் இருபத்திநாலு வீடு. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறவன் எல்லாம் ஜோரா இருக்கான். நாலு பூட்டு போட்டு வெச்சிருக்கற என் வீட்டுக்குள்ளதான் வந்து பூரணுமா அது? வாம்மா, வா, உள்ள வா. செருப்ப அங்கயே விடு... இல்ல, போட்டுக்கிட்டே வா, இப்ப அதெல்லாம் பாக்கற நேரமா! காலையில எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு போன் போட்டேன். "இதோ ஆள் அனுப்பறோம் சார்"னாங்க. இப்ப மணி அஞ்சே கால். ஒரு மனுஷன் ஒரே நாள்ல எத்தன தடவ செத்துப் பொழைக்கறது, சொல்லு? சரி, வந்துட்டியே, அது போதும். பைய அப்படி நாற்காலியில வை. பெரிய பையாத்தான் இருக்கு. இருக்கட்டும், வியாதியும் பெருசுதான்.

இதோ பாரு, இவருதான் பேஷண்ட். ஸ்க்ரீன் பூரா கறுப்பு. மேல மூலையில வெள்ளையா ஒரு சின்னக் கோடு வந்து வந்து போகுது, பாத்தியா? நேத்து மத்தியானத்துலேர்ந்து இதே கூத்துதான். என்னப் பாத்துக் கண்ணடிக்குது! இந்த வயசுல எனக்கு இது தேவையா?

என்ன?... பொறு, பொறு. நீ என்ன கேக்கப்போறேன்னு தெரியும், பாஸ்வேர்டு. எழுதிக்க. எங்க கல்யாண வருஷம், அதுக்கப்புறம் என் பழைய கேட் நம்பர், கேட் நம்பர் ரெண்டு. அவ்வளவுதான். வேற யார்கிட்டயும் சொல்லிடாத. ஆனா இப்ப அதப் போடறதுக்கு இடமே காட்டலியே, அதுதானே பிரச்னை. நீ மொதல்ல கதையக் கேளு. வியாதிக்காரன் கதையக் கேக்காம மருந்து குடுக்கறவன் வைத்தியனே இல்ல. பையத் தொறக்காத, கருவியெல்லாம் அப்புறம் எடுக்கலாம். உக்காரு.

நான் யாருன்னு தெரியுமா உனக்கு? பம்பு செட் ஃபேக்டரி இருந்துச்சே, ஆத்துப் பாலம் தாண்டி, அங்க முப்பத்தொரு வருஷம் கேட்டுல நின்னவன். செக்யூரிட்டி. வாட்ச்மேன்னு சொல்லு, பரவால்ல, எனக்குக் கோவம் வராது. என் பேரச் சொன்னா அங்க ஒருத்தனுக்கும் தெரியாது, "பூட்டு"ன்னு கேட்டாத்தான் தெரியும். புது மேனேஜர் மொத நாள் வந்தாரு பாரு, கார்ல, கோட்டு சூட்டு எல்லாம் போட்டு. அடையாள அட்டை எங்க சார்னேன். நான்தான்யா மேனேஜருன்னாரு. இருக்கலாம் சார், அட்டை எங்கன்னேன். நாப்பது நிமிஷம் வெயில்ல நின்னாரு. அப்புறம் அதே மனுஷன்தான் எனக்குக் கைக்கடிகாரம் குடுத்து, மேடையில ஏத்தி, "இவரு இருக்கறவரைக்கும் நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்"னாரு. எதுக்குச் சொல்றேன்னா, எனக்குக் காவல் காக்கறது எப்படின்னு ஒருத்தரும் சொல்லித் தரவேண்டியதில்ல. வெளியிலேர்ந்து வர்றவனக் கேள்வி கேக்காம உள்ள விடமாட்டேன், உள்ளேர்ந்து போற சாமான அவுட்பாஸ் இல்லாம வெளிய விடமாட்டேன். ரெண்டே சட்டம். முப்பத்தொரு வருஷத்துல ஒரு திருகாணி காணாமப் போனதில்ல.

இந்த வீட்லயும் அதே சட்டம்தான். அதோ கதவு பக்கத்துல ஸ்டூல் மேல ஒரு நீளப் புஸ்தகம் தெரியுதா, பேனா கட்டித் தொங்குதே? ரெஜிஸ்டர். பேரு, வந்த நேரம், யாரப் பாக்க, வந்த காரணம், போன நேரம். பால் போடறவன்லேர்ந்து எல்லாருக்கும் உண்டு. சிரிக்காத. என் மச்சினி ஒரு தடவ கோவிச்சுக்கிட்டு வாசலோட திரும்பிப் போயிட்டா. போனா போகட்டும், சட்டம்னா சட்டம்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள்ள ஒண்ணு பூந்திருக்கு! எப்படிப் பூந்திருக்கும்? யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சுபோச்சு. எதிர்வீட்டு வக்கீல் மேல எனக்கு ஒரு கண்ணு. போன மாசம், "சார், ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கறேன்"னு கட்டவிரல் சைஸ்ல ஒரு பென்டிரைவத் தூக்கிக்கிட்டு வந்தான். சோதனை பண்ணாமச் சொருக முடியாதுன்னேன். சரி, பண்ணுங்கன்னான். ரெண்டு மணி நேரம் சோதனை பண்ணேன். அதுக்குள்ள அவனோட கோர்ட்டே முடிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து மாடிப்படியில பாத்தாக்கூட மூஞ்சத் திருப்பிக்கறான். கறுவிக்கிட்டு எதாவது விட்டிருப்பானோ?

இல்லன்னா என் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி. "மாமா, ஒரு ஆன்டிவைரஸ் போட்டாப் போதும்"னான். போட்டேன். அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம். ஒரு ஆளு தூங்கிட்டான்னா? ஃபேக்டரியிலயே ஷிப்டுக்கு மூணு பேரு நிப்போம். அதனால இன்னும் ரெண்டு போட்டேன்... என்ன, தலையில கை வெச்சுக்கற? மூணும் ஒண்ணாப் போடக்கூடாதா? அத அப்பவே யாராவது சொல்லியிருக்கணுமில்ல! மூணும் உள்ள போனதுலேர்ந்து ஒரே அடிதடிம்மா. மொதல் ஆளு ரெண்டாவது ஆளத் திருடன்னு புடிக்குது, ரெண்டாவது மூணாவதப் புடிக்குது. நிமிஷத்துக்கு நிமிஷம் சிவப்பாக் கட்டம் வந்து கத்துது. கம்ப்யூட்டர் ஆம வேகத்துல நகருது. வீட்டுக்காரி ஒரு எழுத்து தட்டிட்டு, போய்ப் பல் தேச்சுட்டு வந்து பாப்பா, அப்பத்தான் அந்த எழுத்து ஸ்க்ரீன்ல வந்து விழும். ஒரு வார்த்த சொல்லல அவ. சொல்லாம இருக்கறதுதான் எனக்கு பயமே.

ஆனா ஒண்ணு, என்ன ஏமாத்தணும்னு வந்தவன் ஒருத்தனும் ஜெயிச்சதில்ல. ஒரு நாள் போன் வந்துச்சு. "சார், உங்க கம்ப்யூட்டர்ல நாப்பத்தேழு வைரஸ் இருக்கு, நாங்க இங்கேர்ந்தே பாக்கறோம், நான் சொல்றத அமுக்குங்க"ன்னு தேன் ஒழுகப் பேசறான். அப்படியா ராசா, மொதல்ல உன் பேரச் சொல்லுன்னேன். சொன்னான். அப்பா பேரு? ஆபீஸ் விலாசம்? ஊழியர் நம்பர்? உன் மேலதிகாரி யாரு? அவரு போன் நம்பர்? எழுத்துக்கூட்டிச் சொல்லு, ரெஜிஸ்டர்ல ஏத்தணும்னேன். முக்கால் மணி நேரம்மா! கடைசியில அவனே, "சார், உங்களுக்கு வைரஸே இல்ல சார், என்ன விட்ருங்க"ன்னு போன வெச்சுட்டான். அப்படி இருந்தவன் நான்.

டீ போடட்டா? வேணாமா? என்னம்மா, ஸ்கூல் பிள்ள மாதிரி கையத் தூக்கற? முடிச்சுடறேன், இனிமேதான் விஷயமே இருக்கு.

என் வீட்டுக்காரி இருக்காளே, அவ குறுக்கெழுத்துப் போடறவ. வாரப் பத்திரிகையில கட்டம் கட்டமா வருமே, அதத் தயார் பண்றவ. பதினோரு வருஷமா. சாப்பிடும்போது கரண்ட் பில்லுக்குப் பின்னால கட்டம் போடுவா. பஸ்ல போகும்போது விரலால தொடையில கட்டம் போடுவா. எனக்கு ஜுரம் வந்து படுத்தப்பக்கூட ஒரு கையால நெத்தியில துணி போட்டுக்கிட்டு இன்னொரு கையால கட்டம் போட்டா. அறுநூறு புதிர்ம்மா! எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள. இப்பத்தான் ஒரு பதிப்பகத்துல கேட்டு, புஸ்தகமாப் போடறாங்க. நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும். இத்தன வருஷத்துல அவ என்கிட்ட, அது வேணும் இது வேணும்னு ஒண்ணும் கேட்டதில்ல. இந்தப் புஸ்தகம் மட்டும் வரணும்னு கேட்டா.

இப்ப அவ ஊர்ல இல்ல. அவ அக்கா கால ஒடச்சுக்கிட்டான்னு ரெண்டு வாரம் முன்னால கெளம்பிப் போனா. ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன், பொட்டியத் தூக்கிக்கிட்டு வர்றேன்னேன். "வேணாம், வழியில ஒரு எடத்துல எறங்கணும், நான் டாக்ஸியில போய்க்கறேன்"னா. இன்னிக்கு ஆறு மணிக்கு வந்துடுவா. ஆறு மணிக்கு! மணி என்ன? அஞ்சு இருபத்தஞ்சு. ஐயோ.

போகும்போது ஒரு காகிதம் எழுதிக் குடுத்துட்டுப் போனா. இதோ, சட்டப்பையிலயேதான் வெச்சிருக்கேன். படிக்கறேன் கேளு. "ஒண்ணு, மூணு ஆன்டிவைரஸ்ல ரெண்ட எடுத்துடுங்க." எடுக்கல. மூணு பேர்ல எந்த ரெண்டு பேர வேலைய விட்டுத் தூக்கறது? எல்லாரும் நல்லாத்தான் கத்தறாங்க. "ரெண்டு, சிஸ்டத்துக்குப் புது அப்கிரேடு வருது, பழசுக்கு இனிமே பாதுகாப்பு கெடையாதாம், அதனால அதப் போட்டே ஆகணும். போடறதுக்கு முன்னால எல்லாத்தையும் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் டப்பாவுல காப்பி எடுத்து, டப்பாவக் கழட்டிப் பீரோவுல வெச்சுடுங்க. மூணு, அப்புறமா அப்கிரேடுக்கு சரின்னு சொல்லுங்க. நாலு, அது முடியறவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எதையும் தொடாதீங்க. ப்ளீஸ்." ப்ளீஸ்னு எழுதி ரெண்டு கோடு வேற போட்டிருக்கா.

மத்ததெல்லாம் பண்ணேன். எழுதினபடியே பண்ணேன். அப்ப பாத்து அந்த வைரஸ் வந்து...

...என்ன அப்படிப் பாக்கற?

சரி. சரிம்மா. வைத்தியன்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீ இப்ப எனக்கு வைத்தியச்சி. உன்கிட்ட மறச்சு என்ன ஆகப்போகுது? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற வேல எனக்கு வராது. சொல்லிடறேன். நேத்து மத்தியானம் அப்கிரேடுக்கு சரின்னு அமுக்கினேன். ஒழுங்காத்தான் போச்சு. பத்து பர்சென்ட், இருபது பர்சென்ட், நீல கலர்ல. நாற்காலியப் போட்டுக் கையக் கட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்தேன். அறுபத்திமூணுல வந்து நின்னுச்சு பாரு. நின்னுது, நின்னுது, நின்னுக்கிட்டே இருக்கு. உள்ள எதையோ உருட்டுது, கரகரன்னு சத்தம் கேக்குது, ஆனா வெளிய ஒண்ணும் தெரியல. திடீர்னு ஸ்க்ரீன் அணஞ்சு, மறுபடி வந்து, "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்"ங்குது. எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன் அணைக்கக் கூடாது? என் வீடு, என் கம்ப்யூட்டர். உள்ள பூந்துக்கிட்டு, லைட்டப் போடாத, சத்தம் போடாத, அங்கயே நில்லுன்னு எவன் சொல்லுவான்? திருடன்தானே சொல்லுவான்! கை தானாப் போச்சும்மா. முப்பத்தொரு வருஷப் பழக்கம். புடுங்கிட்டேன்.

பிளக்கத்தான். சுவத்துலேர்ந்து. ஒரே இழுப்பு.

வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வைரஸ் நான்தான். அந்த வக்கீலப் போய்த் திட்டினேனே, பாவம், ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வந்த மனுஷன்.

காப்பியா? அந்தக் கறுப்பு டப்பாவா? அதத்தான் கேக்காதேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே இருந்தேன். எடுக்கல. ஏன் எடுக்கலன்னா... நீ சிரிப்ப. போன வாரம் டப்பாவச் சொருகினேன். காப்பி பண்ணவான்னு கேட்டுச்சு. நான் யோசிச்சேன். வீட்டுச் சாமான் அத்தனையும் வெளிய ஒரு டப்பாவுக்குப் போகுது. ஒரு கைக்கு அடக்கமான டப்பா. பாக்கெட்ல போட்டுக்கிட்டு எவன் வேணாலும் நடந்து போயிடலாம். அறுநூறு புதிர்! அவுட்பாஸ் யாரு குடுத்தா? சாமான் யாரோடது? அவளோடது. அவ கையெழுத்து இருக்கா? இல்ல. காகிதத்துல எழுதியிருக்காளே தவிர, அடியில கையெழுத்துப் போடல. கையெழுத்து இல்லாம நான் எப்படி வெளிய விடறது? டப்பாவக் கழட்டி, காலியாவே பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ராத்திரி போன் பண்ணி, "காப்பி எடுத்தாச்சா?"ன்னா. ஆச்சுன்னேன். அடுத்த நாளும் கேட்டா. ஆச்சுன்னு சொல்றேனேன்னு கத்தினேன். கத்தினா நம்பிடுவான்னு ஒரு நெனப்பு.

பதினோரு வருஷம்மா. பூட்டிப் பூட்டிக் காப்பாத்தினேன்னு நெனச்சு, நானே உள்ள வெச்சுக் கொளுத்திட்டேன். அவ வந்து நிப்பா, எங்கன்னு கேப்பா, நான் என்ன சொல்றது? வேலியே பயிர மேஞ்ச கதைன்னு சொல்லுவாங்களே, அதக் காதால கேட்டிருக்கேன், இப்பத்தான் கண்ணாடியில பாக்கறேன். நீதான் எதாவது பண்ணணும். என்ன வேணும்னாலும் பிரிச்சுப் போடு. காலுல வேணாலும்... இல்ல, இல்ல, எழுந்துக்காத, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா எதாவது பண்ணு.

என்ன? ...ரிப்பேருக்கு வரலியா?

பின்ன எதுக்கு வந்த? எந்த அக்கா? ...என் வீட்டுக்காரியா?

பதிப்பகத்துலேர்ந்தா! பக்கம் அமைக்கற பொண்ணா நீ! அடக் கடவுளே. "அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போய் இரு, ஆறு மணிக்கு நான் வந்துடுவேன், ரெண்டு பேருமாக் கடைசித் தடவ சரி பாத்துடலாம்"னு சொன்னாளா? அத வந்தவுடனே சொல்ல வேண்டியதுதானே! ...சொன்னியா? மூணு தடவ ஆரம்பிச்சியா? ஆமாமா, கையத் தூக்கினியே. நான்தான் பொறு பொறுன்னேன்.

அப்ப நான்... கேளேன் இந்த அநியாயத்த. பெல் அடிச்சுது, தொறந்தேன். பெரிய பையோட ஒரு பொண்ணு. யாரு நீன்னு கேக்கல. அட்டை எங்கன்னு கேக்கல. உள்ள கூட்டிட்டு வந்து, உக்கார வெச்சு, பாஸ்வேர்டக் குடுத்து, பீரோவுல என்ன இருக்குன்னு சொல்லி, வீட்டுக்காரி ஊர்ல இல்லன்னும் சொல்லி... மேனேஜர நாப்பது நிமிஷம் வெயில்ல நிக்க வெச்சவன்! நல்லவேள, அந்த மனுஷன் ரிட்டயர் ஆகிட்டாரு. கேள்விப்பட்டா கைக்கடிகாரத்தத் திருப்பிக் கேப்பாரு.

என்னது அது? பையிலேர்ந்து என்ன எடுக்கற?

...கறுப்பு டப்பா. என் டப்பா பீரோவுல இருக்கே! ஓ... ஜோடியா வாங்கியிருக்கா. அன்னிக்கு டாக்ஸியில வழியில எறங்கினது உங்க ஆபீஸ்லயா! எல்லாம் இருக்கா இதுல? அத்தனையும் இருக்கா? அறுநூறும்? ...என் பென்ஷன் பேப்பர் கூடவா!

அவ என்ன சொல்லிக் குடுத்தா? அப்படியே சொல்லு, ஒண்ணும் மறைக்காத. "அவரு காப்பி எடுக்க மாட்டாரு, எடுத்தாச்சுன்னு சொல்லுவாரு, நீ பத்திரமா வெச்சிரு"ன்னாளா...

இரு. ஒரு நிமிஷம் இரு. தண்ணி குடிச்சுக்கறேன்.

வலிக்குதும்மா. பொய் சொல்லல, நெசமாவே வலிக்குது. ஒரு ஃபேக்டரியே என்ன நம்பித் தூங்கிச்சு. கட்டினவ நம்பல. ரோட்டுல எறங்கி, யாரோ ஒரு பொண்ணு கையில குடுத்துட்டுப் போயிருக்கா. தப்பா நெனச்சுக்காத, நீ நல்ல பொண்ணுதான், இருந்தாலும் எனக்கு யாரோதானே... ஆனா நம்பியிருந்தான்னு வெச்சுக்க. இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? அறுநூறும் அந்த அறுபத்திமூணு பர்சென்ட்டோட போயிருக்கும். அத நெனச்சா, நம்பாதது எவ்வளவு நல்லதுன்னு இருக்கு. வலிக்கவும் வலிக்குது, வயித்துல பாலையும் வார்த்த மாதிரி இருக்கு. ரெண்டும் ஒண்ணா வரும்னு எனக்கு இத்தன நாள் தெரியாது.

சரி, சட்டம் சட்டம்தான். எழுந்து வா. இந்த ரெஜிஸ்டர்ல எழுது. பேரு... ம். வந்த நேரம் அஞ்சு பதினஞ்சு. யாரப் பாக்க, அக்காவ. வந்த காரணம்... "சரி பார்க்க"ன்னு எழுதறியா? அது பாதிதான். குடு பேனாவ, நானே எழுதறேன். "வீட்டு வாட்ச்மேனை நம்ப முடியாததால்." ஆச்சு. முப்பத்தொரு வருஷமா ரெஜிஸ்டர்ல பொய் எழுதினதில்ல, இன்னிக்கு மட்டும் எதுக்கு?

ஏய், மேல என்ன படிக்கற? அது நேத்திக்கு எழுதினது. அது... அது வந்து, அந்த அப்கிரேடு. அதுவும் வெளியிலேர்ந்து உள்ள வந்ததுதானே, ஏத்தாம விட முடியுமா? சிரிக்காதம்மா. சத்தமா வேற படிக்கறியே! "பெயர், அப்கிரேடு. வந்த நேரம் இரண்டு இருபது. போன நேரம் மூன்று பத்து. குறிப்பு, விரட்டப்பட்டது." போதும், போதும், மூடு அத.

பெல்லு! இன்னும் ஆறு ஆகலியே... கடைக்காரன் அனுப்பின ஆளா இருக்கும், இப்பத்தான் விடிஞ்சிருக்கு அவனுக்கு. இரு, ஓட்டை வழியாப் பாக்கறேன்... ஐயோ. அவதான். பொட்டியோட நிக்கறா. ரயிலு சீக்கிரம் வந்திருக்கு, என்னிக்கும் வராத ரயிலு! நீ அந்த டப்பாவப் பையில போட்டுக்க... இல்ல, வேணாம், மறைக்காத. மேசை மேலயே இருக்கட்டும். நானே சொல்லிடறேன். பொறுமையா, மொதல்ல அக்கா கால் எப்படி இருக்குன்னு கேட்டு, தண்ணி குடுத்து, அப்புறமா மெதுவாச் சொல்லிடறேன். நீ நடுவுல பேசாத. நீ எங்க பேசின, நான்தான் பேசவே விடலியே.

வா வா வா! பொட்டிய இப்படிக் குடு. அக்காவுக்கு இப்ப கால் எப்ப...

...என்னது? பாத்தியாம்மா, இன்னும் செருப்பக்கூடக் கழட்டல, மொத வார்த்தையே, "பிளக்க எப்பப் புடுங்கினீங்க?"ங்கறா!

நேத்து. மூணு பத்துக்கு. ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேன்.